எண்பது இடக்கைகள்

...இந்தக் காலத்து ஆட்களுக்கு அடுத்தவன் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று தெரியாவிட்டால் சோறு இறங்காது போலிருக்கிறது, வேலையில் தப்பு செய்தால் திட்ட வேண்டியதுதானே, பழைய முதலாளி கத்தரிக்கோலால் மேசையில் ஓர் அடி அடிப்பார், நறுக்கென்று நாலு வார்த்தை கேட்பார், அதோடு முடிந்தது, இப்போது என்னடாவென்றால் கண்ணாடி அறையில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, ஃபேனை இவர் பக்கம் திருப்பி, "வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களாய்யா?" என்று கேட்கிறது இந்த ஆபீஸ் பெண். கட்டிங் மாஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன வேண்டும் இவளுக்கு? வாயைப் பிடுங்கி அந்தக் காகிதத்தில் எழுதி மேலே அனுப்பவா? நாலெழுத்து தெரியாத கிழவன், எதில் வேண்டுமானாலும் கையெழுத்து வாங்கிவிடலாம் என்ற நினைப்பு...

தப்புதான், யார் இல்லை என்றது? காலையில் விரித்தது நாற்பது அடுக்குத் துணி, பூப்போட்ட பக்கம் எல்லாம் மேலே, பின்பக்கம் வெறும் வெள்ளை, சட்டைக் கைக்கான அட்டையை ஒருமுறை வைத்து வரைய வேண்டும், அடுத்து அதையே புரட்டிப் போட்டு வரைய வேண்டும், அப்போதுதான் ஒரு இடக்கைக்கு ஒரு வலக்கை, முப்பது வருஷப் பழக்கம், கண்ணைக் கட்டிவிட்டாலும் கை தானாகப் புரட்டும்... புரட்டவில்லை. வெட்டு மிஷின் ஓட்டி முடித்துப் பிரித்தால் எண்பதும் இடக்கை. பட்டன் தைக்கிறவள் ஒன்றைத் தூக்கிப் பிடித்து, "மாஸ்டர், ரெண்டு பக்கமும் இடக்கை உள்ளவங்க எந்த ஊர்ல இருக்காங்க? ஆர்டர் பெருசோ?" என்றாள், மொத்தப் பிரிவும் சிரித்தது. சூப்பர்வைசர் மட்டும் சிரிக்கவில்லை, "இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா மேசைய விட்டுடுங்க மாஸ்டர், கீழ உக்காந்து வெட்டின துணியக் கட்டு கட்டிக்கலாம்" என்றான். கட்டு கட்டவா? இந்தக் கையா? நேற்று முளைத்த பயல் சொல்கிறான்...

அட்டையை வைத்த நேரத்தில் காதில் இருந்தது நேற்று ராத்திரி கேட்ட பெரிய மகன் குரல். "அம்மா எங்ககூட வரட்டும், பாப்பாவப் பாத்துக்க ஆள் வேணும், அப்பா தம்பிகூடவே இருக்கட்டும், எங்க வீட்ல இருக்கறதே ரெண்டு ரூம்." பாத்திரம் பண்டம் பங்கு பிரிக்கிற மாதிரி, இது உனக்கு, அது எனக்கு. சின்னவன் பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டுகிறான், மருமகள் அதற்குள் பையைத் தேடுகிறாள், நாளைக் காலை வேன் வருகிறதாம், என்ன ஒரு சுறுசுறுப்பு, பெற்றவனை ஒரு பேச்சுக்குக்கூடக் கேட்கவில்லை... சரி, அதுகள் அப்படி, நாற்பத்தோரு வருஷம் கூடப் படுத்து எழுந்தவள், அவளாவது முடியாது என்று சொல்ல வேண்டாமா? "சரி" என்றாள். சரியாமே சரி! யாரைக் கேட்டுச் சொன்னாள்?

"பொண்டாட்டி நாளைக்குப் போறா." அவரை அறியாமல் வாயிலிருந்து விழுந்துவிட்டது. அந்தப் பெண்ணின் பேனா நின்றது. சட்டென்று ஒரு தாளை உருவினாள், நாளைக்கு லீவு எடுத்துக்குங்கய்யா, சம்பளம் பிடிக்க மாட்டோம், வீட்ல இருந்து அம்மாகிட்ட பேசுங்க, மனசுல இருக்கறதச் சொல்லுங்க என்று என்னென்னவோ. "என் மனசுல சாக்பீஸ் தூள்தாம்மா இருக்கு" என்றார். பேசினால் வேன் திரும்பிப் போய்விடுமா? இதைப் படிக்கத்தான் காலேஜுக்குப் போனாளாமா? தாளை அவள் பக்கமே தள்ளிவிட்டு எழுந்தார்.

வெளியே வந்தும் கோபம் இறங்கவில்லை... வீட்டுக்காரி சரி என்றாளே, உடனேவா சொன்னாள்? தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள், பெரியவன்கூட "சொல்லும்மா, சொல்லும்மா" என்று இரண்டு தடவை கேட்டான், அவள் அவனைப் பார்க்கவில்லை, இவரைத்தான் பார்த்துக்கொண்டு... இவர் டிவி சத்தத்தைக் கூட்டினார். அதற்கென்ன? செய்தி ஓடிக்கொண்டிருந்தது. வாய் இல்லையா அவளுக்கு? போகிறவள் அல்லவா சொல்ல வேண்டும், இருக்கிறவனா சொல்வான்? "ஐயா, பேப்பர்..." என்று பின்னால் அந்தப் பெண் கூப்பிட்டாள். பேப்பராம், பெரிய பேப்பர், ஒருநாள் லீவில் என்ன கிழிந்துவிடும் என்று முனகிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், படியிறங்கினார்.