ஒன்றில் நின்ற சக்கரம்

ஹோபர்ட் நேப்பியர் நிலக்கரிச் சுரங்கத்தில் மின்சார வேலை பார்த்தவர். ஒருநாள் மேலிருந்து பாறை சரிந்து அவருடைய வலது தோளை நொறுக்கிவிட்டது. அதன்பின் பெரிய துப்பாக்கியின் உதையைத் தாங்க அவரால் முடியவில்லை. ஆனால் கென்டக்கி மலையில் அணில் வேட்டை இல்லாமல் ஓர் இலையுதிர் காலத்தைக் கழிக்கவும் அவருக்குத் தெரியாது. அதனால் ஒரு ஏர் ரைஃபிள் வாங்கினார்.

அதில் வெடிமருந்து கிடையாது. அடைத்து வைத்த காற்றுதான் ஈயக் குண்டைத் தள்ளும். பக்கவாட்டில் ஒரு சிறிய சக்கரம், அதில் ஒன்று முதல் ஐந்து வரை எண்கள். எண் ஏற ஏற வேகம் கூடும். வாங்கிய கோடை முழுக்க அவர் காகிதத்தை மரத்தில் மாட்டி ஒவ்வோர் எண்ணிலும் சுட்டுப் பார்த்தார். ஒன்று, தொழுவத்து எலிகளுக்கு. அதற்கு மேல் போனால் தகரக் கூரை ஓட்டையாகும். மூன்று, தாழ்ந்த கிளையில் உட்கார்ந்து கொட்டை உடைக்கும் அணிலுக்கு. நான்கு, ஹிக்கரி மரத்து உச்சிக்கு. ஐந்தை அவர் தொடுவதே இல்லை. அந்த வேகத்தில் குண்டு அலைந்தது.

மனைவியின் தம்பி டென்ஸிலுக்கு அது புரியவே இல்லை.

"அஞ்சு வரைக்கும் இருக்கே மாமா, அதை என்ன ஊறுகாயா போடப் போறீங்க?"

"நீ சர்ச் வாசலுக்கே டாப் கியர்ல வர்றவன். உனக்கு அப்படித்தான் தோணும்" என்றார் ஹோபர்ட். "கூட வெச்சா குண்டு எங்க போவுதுன்னு எனக்குத் தெரியாது. கொறைச்சு வெச்சா அது சாவாது, துடிக்கும். அதுக்கு என்னன்னு தெரியறதுக்குள்ள முடிஞ்சிடணும். அப்படி முடிக்கத் தெரியாதவன் சுடவே கூடாது, மாப்ளே."

காடு அவருக்கு அப்படித்தான். சந்தேகம் வந்தால் துப்பாக்கியை இறக்கிவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புவார். மனைவி லொரீன் கேலி செய்வாள். "இன்னைக்கும் கிரேவிக்கு அணில் இல்ல, வெறும் மாவுதானா?" அவர் சிரித்துக்கொண்டே, பன் போல மெத்தென்ற பிஸ்கட்டைப் பிட்டு அந்த வெள்ளைக் கிரேவியில் தோய்த்துச் சாப்பிடுவார்.

பிறகு மறதி வந்தது. முதலில் சாவி, அப்புறம் ஆட்களின் பெயர், அப்புறம் வீட்டுக்குத் திரும்பும் வழி. டவுன் டாக்டர் மூளையைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இது போகப் போகக் கூடத்தான் செய்யும், குறையாது என்றார். திரும்பும் வழியெல்லாம் ஹோபர்ட் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். லொரீன் வண்டியை ஓட்டினாள்.

துப்பாக்கியை மட்டும் அவருடைய கைகள் மறக்கவில்லை. காற்றை நிரப்புவதும் குண்டை வைப்பதும் பூட்டை விடுவிப்பதும் அந்தந்த வரிசையில் தானாக நடந்தன. அந்த நேரத்தில் மட்டும் அவர் முகத்தில் தடுமாற்றம் இருக்காது. லொரீன் அதைப் பார்ப்பதற்காகவே அவரோடு காட்டுக்குப் போவாள்.

ஆகஸ்ட் மாதம் ஒரு மத்தியானம், லொரீன் பழுப்புச் சட்டை போட்டுக்கொண்டு பீன்ஸ் வரிசையில் குனிந்து காய் பறித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது துப்பாக்கிக் குழாய் அவளை நோக்கி இருந்தது. வராந்தாவில் ஹோபர்ட் கன்னத்தைச் சாய்த்துக் குறி பார்த்துக்கொண்டிருந்தார். விரல் விசையைத் தேடிக்கொண்டிருந்தது.

"ஹோபர்ட்! நான்தான். லொரீன்."

அவர் நிதானமாகத் துப்பாக்கியை இறக்கினார். "வளையிலேர்ந்து பழுப்பா கிரவுண்ட்ஹாக் ஒண்ணு வந்து பீன்ஸையெல்லாம் தின்னுக்கிட்டு இருந்துச்சு. கத்தி வெரட்டிட்டியே" என்றார். மாலைக்குள் அதையும் மறந்துவிட்டார்.

மறுநாள் லொரீன் டென்ஸிலிடம் அதைச் சொன்னாள்.

"அக்கா, அதை இன்னைக்கே எடுத்துட்டுப் போறேன். பேச்சே கெடையாது."

"எடுத்துட்டா அவருக்கு என்னடா மிச்சம்? காலையில எழுந்து எதுக்கு பூட்ஸ் போடுவாரு?"

"உனக்குப் பைத்தியமா? இன்னொரு தடவை ஆச்சுன்னா?"

"நான் அவர் பின்னாடியே இருந்துக்கறேன். வீட்டுல இருக்கறப்ப பூட்டி வெச்சிடறேன். வெளிய போறப்ப சக்கரத்தை ஒண்ணுல வெச்சிடறேன்."

"ஒண்ணுல இருந்தாலும் கண்ணைப் பறிச்சிடும், அக்கா."

"தெரியும்டா" என்றாள் லொரீன்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. புறப்படும்போது ஹோபர்ட் சக்கரத்தை நான்கில் வைப்பார். பூட்ஸ் கயிற்றைக் கட்ட அவர் குனிந்ததும் லொரீன் அதை ஒன்றுக்குத் திருப்பிவிடுவாள். குறைந்த காற்றில் சுடும் சத்தம் மெலிந்துபோகும்தான். ஆனால் சுரங்க இயந்திரங்களின் இரைச்சலில் அவருடைய காது எப்போதோ பாதி போயிருந்தது. பல நாள் அவர் சுடவே இல்லை. சுட்ட ஒன்றிரண்டு குண்டும் கிளையில்தான் பட்டன. இப்படியே இந்தப் பருவம் கழிந்துவிடும் என்று லொரீன் நம்பினாள்.

அக்டோபரில் ஒரு காலை ஹோபர்ட் பழைய ஹோபர்ட்டாகவே விழித்தார். அடுப்படியில் வந்து அவள் இடுப்பைக் கிள்ளினார். "என்னடி, கெழவியாயிட்ட?" என்றார்.

"கண்ணாடியப் பாரு, யாரு கெழவன்னு தெரியும்."

பாதையில் அவர் முன்னால் நடந்தார். வழியில் ஒவ்வொரு மரத்தையும் பேர் சொல்லிக் காட்டினார். கல்யாணமான புதிதில் இதே ஓடையில் அவள் வழுக்கி விழுந்ததைச் சொல்லிச் சிரித்தார். அவள் தன் பங்குக்கு, தூக்கிவிட வந்த அவரும் விழுந்ததை நினைவூட்டினாள். அப்படி அவர்கள் பேசி வெகுநாளாகியிருந்தது. சக்கரம் ஒன்றில் நிற்பது அவளுக்கு நினைவிருந்தது. இப்போது திருப்பி வைத்துவிடலாமா என்றுகூட எண்ணினாள். பீன்ஸ் வரிசையை நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டாள்.

ஹிக்கரி மரத்தின் நடுக்கிளையில் ஒரு சாம்பல் அணில் உட்கார்ந்து கொட்டையைக் கொறித்துக்கொண்டிருந்தது. தோல்துண்டுகள் இலைமேல் உதிர்ந்துகொண்டிருந்தன. ஹோபர்ட் மரத்தில் தோள் சாய்த்து, மூச்சை விட்டுப் பாதியில் நிறுத்திச் சுட்டார். குறி தப்பவில்லை. குண்டில்தான் வலு இல்லை.

அணில் கிளை கிளையாக மோதிக் கீழே விழுந்தது. சாகவில்லை. கிறீச்சிட்டுக்கொண்டு, பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு சருகுக்குள் ஊர்ந்தது. ஹோபர்ட் துப்பாக்கியோடு மண்டியிட்டபடியே அதன் பின்னால் போனார். "இருடா, இருடா கண்ணு, இதோ ஆச்சு" என்று சொல்லிக்கொண்டே போனார். அடுத்த குண்டு இருமுறை சருகில் நழுவி விழுந்து, அதை வைக்க நேரமாயிற்று. அதுவரை அது கத்திக்கொண்டே இருந்தது. கடைசியில் தலைக்கு அருகில் வைத்துச் சுட்டு அதை அடக்கினார்.

பிறகுதான் சக்கரத்தைப் பார்த்தார். விரலால் தடவியும் பார்த்தார்.

"ஒண்ணுல இருக்கு, லொரீன். எலிக்கு வெக்கிறதுல இருக்கு." "நாலுல வெச்ச மாதிரியே இருந்துச்சு. வெக்கல போலிருக்கு. இதுவும் போயிடுச்சா என்னை விட்டு?"

அவர் சருகின்மேல் உட்கார்ந்து அழுதார். நாற்பது வருஷத்தில் அவர் அழுது லொரீன் பார்த்தது, குழந்தை தங்காமல் போன அந்த ஒரு நாள் மட்டும்தான். பேசாமல் இருந்தால் போதும், அவரே துப்பாக்கியைத் தூக்கிப் போட்டுவிடுவார் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் அவள் பேசினாள்.

"நீ நாலுலதான் வெச்ச. நான்தான் திருப்பினேன்."

"நீயா?"

"தெனமும்."

"எதுக்கு?"

அவள் பீன்ஸ் வரிசையைச் சொன்னாள், பழுப்புச் சட்டையைச் சொன்னாள். விரல் விசையைத் தேடியதை மட்டும் சொல்லவில்லை. ஹோபர்ட் கேட்டுக்கொண்டே அவள் முகத்தையே பார்த்தார். யாரோ அன்னியன் செய்ததைக் கேட்பதுபோல இருந்தது.

"உன்னையா? நான் உன்னையா குறி பார்த்தேன்?"

"நீ இல்ல ஹோபர்ட். அந்த நோவு."

"துப்பாக்கி என் கையிலதானே இருந்துச்சு?"

அவர் குண்டு வைக்கும் இடத்தைத் திறந்து, காலிதானா என்று பார்த்தார். காற்று முழுவதையும் சீறவிட்டு வெளியேற்றினார். வெறும் இரும்பான அதை அவள் கையில் கொடுத்தார்.

"டென்ஸில்கிட்ட குடுத்துடு. நான் கேட்டாலும் தராதே. என்ன சொல்லிக் கேட்டாலும் தராதே."

அணிலை ஓடைக்கரையில் புதைத்துவிட்டு வந்தார்கள். அதை உரித்துச் சமைக்க இருவருக்கும் மனம் வரவில்லை.

மறுநாள் காலை ஹோபர்ட் பூட்ஸைப் போட்டுக்கொண்டு, "என் ரைஃபிள் எங்க?" என்றார்.

லொரீன் உண்மையைச் சொன்னாள். அவர் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்பதுபோல் அவளையே வெறித்தார். "உன்னையா குறி பார்த்தேன்?" என்றார். மறுபடியும் அதே அழுகை. அதற்கடுத்த நாளும் அப்படியே. உண்மையைச் சொல்லித் தினமும் அவரை அப்படி நொறுக்குவதா, மறைப்பதா என்று அவளுக்குப் புரியவில்லை. வாரக் கடைசியில் பொய் சொல்ல ஆரம்பித்தாள்.

"டென்ஸில் எரவல் வாங்கிட்டுப் போயிருக்கான்."

"அந்தத் திருட்டுப் பயலா? கேக்காம எடுத்துட்டுப் போனானா?"

டென்ஸில் வரும்போதெல்லாம் வாசலிலேயே வசவு விழும். "என் பொருளை எடுக்க வெக்கமா இல்லையாடா உனக்கு?"

"தப்புதான் மாமா. அடுத்த வாரம் கொண்டாந்துடறேன்" என்பான் டென்ஸில். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்பான். ஒருமுறை லொரீன் அவனைத் தனியே கூப்பிட்டு, "உனக்கு எதுக்குடா இந்தப் பேரு?" என்று கேட்டாள்.

"திட்டட்டும் அக்கா. திட்டற வரைக்கும் நான் யாருன்னு அவருக்குத் தெரியுது."

பனி பெய்து முடிந்தது. மலைச்சரிவில் மரங்கள் துளிர்த்தன. ஒருநாள் காலை ஹோபர்ட் மேசையில் உட்கார்ந்து பிஸ்கட்டைச் சாப்பிட்டு முடித்துவிட்டுச் சும்மா இருந்தார். பூட்ஸைத் தேடவில்லை. ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. லொரீன் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ஹோபர்ட், உன் ரைஃபிள் எங்கன்னு கேக்க மாட்டியா?"

அவர் மரியாதையாகச் சிரித்தார். "என்கிட்ட அப்படி எதுவும் இல்லீங்களே" என்றார். "நீங்க வேற யார் வீடுன்னோ நெனைச்சு வந்துட்டீங்க போல?"

லொரீன் எழுந்து அவருடைய கோப்பையில் காபியை ஊற்றினாள். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு ஊற்றியதில் அது வழிந்து மேசையெல்லாம் சிந்தியது. அவர் தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினார்.