வாட்ச்சில் மணி என்ன?

போன தடவை லீவில் வந்தபோது, கிணற்று மோட்டாரைக் கழற்றுகிறேன் பேர்வழி என்று வாட்ச்சின் கண்ணாடியை உடைத்துக்கொண்டான் தௌஃபீக். "அடுத்த தடவை வந்து கட்டிக்கிறேன்" என்று அதைப் பீரோவில் போட்டுவிட்டு துபாய்க்குப் போய்விட்டான். அதைச் சரிசெய்து வாங்கத்தான் அவன் மனைவி ஃபஹ்மிதா அன்று லெப்பைக்குடிக்காட்டிலிருந்து பெரம்பலூருக்கு வந்திருந்தாள்.

"புதுக் கண்ணாடி, புது பேட்டரி. வாரைத்தான் ஒண்ணும் பண்ண முடியலம்மா, பெயிண்ட் போகல" என்றார் கடைக்காரர்.

"அது இருக்கட்டுங்க" என்று சிரித்தாள். கேட்டுக்குப் பச்சை பெயிண்ட் அடித்தபோது தெறித்த புள்ளி அது. கல்யாணமான புதிதில் இருவரும் சேர்ந்து அடித்தது.

பஸ் ஸ்டாண்டில் பெஞ்சில் உட்கார்ந்து போனைத் திறந்தாள். தௌஃபீக் ஸ்டேட்டஸ் வைத்திருந்தான். கடற்கரை, கலைந்த முடி, கன்னத்தில் கை, வாய் நிறையச் சிரிப்பு. 'இன்றைய மாலைக் காற்று. அல்ஹம்துலில்லாஹ்.' கன்னத்தில் வைத்த கையில் வாட்ச். வாரில் பச்சைப் புள்ளி.

ஃபஹ்மிதா மடியில் இருந்த வாட்ச்சைப் பார்த்தாள். அதே புள்ளி அங்கேயும் இருந்தது.

முதலில் நெஞ்சுக்குள் வேண்டாத ஒரு நினைப்பு ஓடியது. எதற்காகப் பழைய படத்தைப் போட்டு ஏமாற்றுகிறான்? யாரோடு இருக்கிறான்? முந்தைய நாட்களில் அவன் அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். பெருநாள் படத்தில் அவன் போட்டிருந்த நீலச் சட்டை இங்கே வீட்டுப் பீரோவில் மடித்து வைத்திருக்கிறது. எல்லாமே பழைய சிரிப்பு.

அப்போதுதான் வெள்ளிக்கிழமை போன் நினைவுக்கு வந்தது. அவர்கள் வீட்டில் துபாய் போன் என்பது வீட்டுக்கே பொது. ஜும்மா முடிந்ததும் ஹாலில் சொம்பில் போனைச் சாய்த்து வைத்து, மாமியார் பாத்திமா பீவி நடுவில் உட்கார, எல்லோரும் சுற்றி நின்று பேசுவார்கள். ஃபஹ்மிதாவின் முறை வரும்போது "சாப்டீங்களா?" என்பதற்குமேல் ஒன்றும் மிச்சம் இருக்காது. சில வாரங்களாக அவன் கேமராவைத் திறப்பதே இல்லை. நெட் சரியில்லை என்பான். யாரும் அதற்குமேல் கேட்கவில்லை. அவளும்தான்.

அவன் நம்பரை அழுத்தினாள்.

"என்ன ஃபஹ்மி, இந்த நேரத்துல?"

"எங்க இருக்கீங்க மச்சான்?"

"பீச்சுலதான். ஸ்டேட்டஸ் பாக்கலயா?"

"பாத்தேன். வாட்ச்சுல மணி என்ன?"

"என்னது?"

"கையில கட்டிருக்கீங்கள்ல. மணி சொல்லுங்க."

பக்கத்தில் ஒரு கண்டக்டர் அரியலூர், அரியலூர் என்று கத்திக்கொண்டு போனார்.

"இங்க என் மடியில ஓடிட்டு இருக்கு. சண்டைக்கு வரல மச்சான். நெசமாவே எங்க இருக்கீங்க?"

"ரூம்லதான்" என்றான். குரல் எங்கோ கீழே போயிருந்தது. "படுத்திருக்கேன். வேலைக்கும் போகல."

"ஒடம்பு முடியலயா?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. எந்திரிக்க முடியல. குளிக்கணும்னு நெனச்சாலே மலையேறுற மாதிரி இருக்கு. சாப்பாடு எறங்கல. ஏன்னு கேக்காத, எனக்கே தெரியல. வேலையில ஒரு கொறையும் இல்ல."

"அப்ப இந்தப் படமெல்லாம்?"

"ஒரு நாள் போடலன்னா அம்மா பதறுது. புதுசா எடுத்துப் பாத்தேன். சிரிப்பு வரல. பழசுலதான் இருக்கு."

கேட்கப் பயமாக இருந்தது. ஆனாலும் கேட்டாள். "செத்துப் போயிடலாம்னு ஏதாவது தோணுதா மச்சான்?"

"அப்படியெல்லாம் இல்ல. ஆனா காலையில முழிப்பு வராமலே இருந்தா நல்லாருக்கும்னு தோணும்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கே அங்க ஒரு மனநல டாக்டரப் பாருங்க. அதுவரைக்கும் தனியா இருக்காதீங்க. இப்ப ரூம்ல யாரு இருக்கா?"

"நஜீமுதீன் வந்துருவான்."

"அவருகிட்ட இதையே சொல்லணும். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன். அம்மாகிட்ட மட்டும் வேண்டாம் ஃபஹ்மி. பைத்தியம்னு ஊரே பேசும்."

"மாமிகிட்ட சொல்லாம என்னால இருக்க முடியாது. மறைச்சு மறைச்சுத்தான் இங்க வந்து நிக்கிறோம்."

அவன் போனை வைத்துவிட்டான். வீடு வரை அவள் போனையே பார்த்துக்கொண்டு வந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதுதான் மெசேஜ் வந்தது: 'நஜீம்கிட்ட சொல்லிட்டேன். அம்மாகிட்ட நீயே சொல்லிரு.'

பாத்திமா பீவி கேட்டுவிட்டு முதலில் கத்தினார். "கண்ணூறுதான்! மேலத்தெருக்காரி எம்புள்ள படத்தப் பாத்து என்னா பெருமூச்சு வுட்டா தெரியுமா? ஓதி ஊதுன தண்ணி அனுப்பணும்."

"ஓதுங்க மாமி. டாக்டரையும் பாக்கட்டும்."

"எம்புள்ள என்ன பைத்தியமா?"

"பைத்தியம்னா மருந்து வேண்டாங்கறீங்களா?"

மாமியார் தஸ்பீஹ் மணியை எடுத்து உருட்டினார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "நாந்தானே தெனம் படம் போடுடான்னு உசிர எடுத்தேன்?"

"உங்களாலன்னு அவரு சொல்லல மாமி. அவருக்கே தெரியலயாம்."

அந்த வெள்ளிக்கிழமை சொம்பில் சாய்த்த போனில் கேமரா திறந்தது. தாடி மண்டிய, இளைத்த முகம். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். யாரும் எதுவும் சொல்வதற்குள் பாத்திமா பீவி போனைச் சொம்போடு தூக்கி மருமகள் கையில் கொடுத்தார்.

"உள்ள போயி ரெண்டு பேரும் பேசுங்க. நாங்க அப்புறமாப் பேசிக்கிறோம்."

"சொம்பு எதுக்கு மாமி?"

"அட, கொண்டு போடி!"

போனுக்குள் தௌஃபீக்கின் உதடு லேசாக அசைந்தது. அதைச் சிரிப்பென்று சொல்ல முடியாது. ஆனால் பழசு இல்லை, அன்றைக்கு வந்தது.

மாத்திரை உடனே ஒன்றும் செய்துவிடவில்லை. நல்ல நாளும் வந்தது, மோசமான நாளும் வந்தது. ஸ்டேட்டஸ் எப்போதாவதுதான் வந்தது. "பையன் படம் காணோமே?" என்று கேட்ட மேலத்தெருக்காரியிடம், "அவனுக்கு மனசு சரியில்ல, வைத்தியம் பாக்குறான். நீயும் துவா செய்யி" என்று வாசலில் நின்றே சொல்லிவிட்டார் பாத்திமா பீவி.

வாட்ச் ஃபஹ்மிதாவின் கையில்தான் இருக்கிறது. பெரிதாக, முழங்கை வரை நழுவும். கடைக்காரர் வைத்துக் கொடுத்த மணியைத் திருகி, துபாய் நேரத்துக்கு மாற்றிவிட்டாள். தினமும் காலையில் சமையலறையிலிருந்து கூப்பிடுகிறாள். அது மட்டும் வீட்டுக்குப் பொது இல்லை.

"மணி என்ன ஃபஹ்மி?" தூக்கக் குரல்.

"ஆறு. எந்திரிங்க மச்சான்."

"இன்னிக்கு முடியும்னு தோணல."

"சரி. கால மட்டும் கீழ தொங்கப் போடுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

கட்டில் கிரீச்சிடும் சத்தத்துக்காக, அடுப்பைக் குறைத்துவிட்டுக் காத்திருந்தாள்.