மாட்டுக்குத் தமிழ் புரியுமா?

எதிர்வீட்டு ஸ்ரீகர் பெரிய ஜீவகாருண்யவாதி. மார்கழிக் குளிரில் தெருநாய்களுக்கு ஸ்வெட்டர் மாட்டிவிட்டு, அதைப் படமெடுத்து எங்கள் விஜயநகர் முழுக்க அனுப்புகிற ஆசாமி. மகளின் பிறந்தநாளுக்கு ஒரு பிளாஸ்டிக் தட்டுகூட வைக்கவில்லை. பூம்பூம் மாட்டை மட்டும் வரவழைத்திருந்தார். கேட்டால், பாரம்பரியமாம்.

மத்தியான வெயிலில், முதுகு நிறைய ஜரிகைத் துணியோடு அது வாசலில் நின்றது. மாட்டுக்காரர் மூக்கணாங்கயிற்றைச் சுண்டினால் தலையை ஆட்டும். அவ்வளவுதான் அதன் ஜோசியம். அதைக் கேட்கத்தான் இத்தனை படித்த கூட்டமும் வரிசையில் நின்றது.

"சின்னவனுக்கு அமெரிக்கா விசா கிடைக்குமா?" என்று மாட்டிடம் கேட்டாள் ஸ்ரீகரின் அம்மா பங்கஜவல்லி.

ஸ்ரீகர் பதறிவிட்டார். "அம்மா, இது மைசூர் மாடு. தமிழ் புரியாது. கன்னடத்துல கேளு."

அந்த அம்மாளும் மறுபேச்சில்லாமல் கன்னடத்தில் கேட்டாள். கயிறு சுண்டப்பட்டது. மாடு தலையாட்டியது. எல்லார் முகத்திலும் விசா வந்துவிட்ட சந்தோஷம்.

என்னையும் கேட்கச் சொன்னார்கள். கிட்டே போனேன். மூக்கில் கயிறு அறுத்த புண்ணில் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது.

"மூக்கு வலிக்கறதா?" என்று தமிழிலேயே கேட்டேன்.

மாட்டுக்காரர் வழக்கம்போலச் சுண்டினார். மாடு பலமாகத் தலையாட்டியது.

ஸ்ரீகர் கைதட்டினார்.

"அடடா, இதுக்குத் தமிழும் தெரியறதே!"