மருமகன் தூங்கிய பத்தி

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. எழுதுகிறவள் அதை மறைக்க விரும்பவில்லை. கைக்குழந்தை வீறிட்டு அழும்போது அவளுடைய தம்பி பிள்ளையைப் பார்க்காமல் போனைப் பார்த்தான். பால் குடித்த நேரத்தையும் தூங்கிய நேரத்தையும் போட்டால் அழுகைக்குக் காரணம் சொல்லும் செயலி அதில் இருந்தது.

"பசி இல்லக்கா. தூக்கம்னு சொல்லுது."

"பெத்த புள்ளைக்குப் பசிக்குதான்னு போனைக் கேக்குறியேடா!"

அன்றே தலைப்பு வைத்துவிட்டாள்: 'மழுங்கிய தலைமுறை'. (தலைப்பு மாறியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பொறுங்கள்.)

2

முதல் தொடக்கம்: 'போன் உள்ளே வந்த அன்றே மூளை வெளியே…' வேண்டாம், மேடைப் பேச்சு.

இன்னொன்று: 'அவன் ஒரு முட்டாள், ஆனால்'

இதுவும் அப்படியே நின்றுவிட்டது. முட்டாளாக நடிக்கத் தம்பி ஒத்துழைக்க மாட்டேன் என்கிறான். அதே போனைப் பார்த்துத்தான் பிள்ளையைக் குளிப்பாட்டக் கற்றுக்கொண்டான். இவர்களுடைய அப்பா ஒரு பிள்ளையையும் குளிப்பாட்டியதில்லை. [இந்த வரி வாதத்தைக் கெடுக்கிறது. எடுத்துவிட வேண்டும்.]

3

இன்று மாலை தம்பியும் அவன் மனைவியும், பிள்ளை பிறந்தபின் முதன்முறையாக, சினிமாவுக்குக் கிளம்பினார்கள். தம்பி அந்தச் செயலியை அக்காவின் போனிலும் ஏற்றினான்.

"அழுதா இதைப் பாரு. முடியலன்னா கூப்பிடு, பாதியில வந்துடுறோம்."

"உன்னையே தூக்கி வளர்த்தவடா நான். போய்ட்டு வா."

கூப்பிட்டால் மானம் போய்விடும். அது கிடக்கட்டும். தம்பி மனைவி தலைவாரி, நல்ல உடுப்புப் போட்டு, சிரித்துக்கொண்டே போனாள். அவள் அப்படிச் சிரித்து மாதக்கணக்காகிறது. அந்தச் சிரிப்பைப் பாதியில் திரும்ப அழைக்க இவளுக்கு மனமில்லை.

4

கொஞ்ச நேரத்தில் மருமகன், அதாவது தம்பி பிள்ளை, அழ ஆரம்பித்தான். பசிதான் என்று அடித்துச் சொன்னாள் அத்தை. பால்புட்டியைத் தட்டிவிட்டான். தூக்கம் என்றது செயலி. படுக்கப் போட்டால் ஊரைக் கூட்டினான். இரண்டு பேருமே தோற்றாயிற்று. கூப்பிட்டுவிடலாம் என்று போனில் விரல் தம்பியின் பெயர் வரைக்கும் போய்விட்டது.

"சரி மருமகனே, உங்கப்பனைப் பத்தி என்ன எழுதியிருக்கேன்னு நீயாவது கேளு."

தோளில் போட்டுக்கொண்டு, மேசையில் கிடந்த தாள்களை உரக்கப் படித்தாள். இரண்டாம் பத்தியில் அழுகை நின்றது. மூன்றாவதில் வாயைப் பிளந்து தூங்கிவிட்டான்.

(எழுதுகிறவளுக்கு இதைவிட மோசமான விமர்சனம் கிடையாது. அத்தைக்கோ சந்தோஷம் தாங்கவில்லை.)

எப்படித் தூங்கினான் என்று செயலி கேட்டது: பால், தாலாட்டு, நடை, மற்றவை. 'மற்றவை'யைத் தொட்டாள்.

5

முடிவு ஒன்று: செயலி சொன்னது சரி, தூக்கம்தான்.

முடிவு இரண்டு: அத்தையின் குரலுக்கு ஈடாக எந்தச் செயலியும் [தற்பெருமை. நீக்கு.]

முடிவு மூன்றை யோசிப்பதற்குள் படித்துக்காட்டத் தாள் தீர்ந்துவிட்டது. குரல் நின்றால் மருமகன் சிணுங்குகிறான். ஆகவே அவள் வாயில் வந்ததைச் சொல்லிக்கொண்டே நடக்கிறாள், போன் அதை எழுதிக்கொள்கிறது. நீங்கள் படிப்பது அதைத்தான். தம்பியிடம் சொல்லிவிடாதீர்கள்.

அவனிடமிருந்து செய்தி வருகிறது: "அழுறானா? வரட்டுமா?"

"முழுப் படமும் பாத்துட்டு வாங்க."

தொண்டை வறண்டுவிட்டது. அவள் ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டும். அதுவரை முடிவை நீங்கள் சொல்லுங்கள். யார் கெட்டிக்காரர் என்று எப்படி முடித்தாலும் சரி, குரலை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.