நாலு மணி நேரம் பிந்திய வீடு

1957ஆம் வருடம் கரும்பு வெட்டு தொடங்கிய வாரத்திலிருந்து, செமின் கிரனியே என்ற கரும்புத் தோட்ட ஊரில் ஒதில் வீராப்பென்னின் வீட்டில் நேரம் தீவின் நேரத்துக்கு நாலு மணி பிந்தி நடந்தது. கடிகாரம் மட்டும் பிந்தியிருந்தால் எழுத ஒன்றுமில்லை. அந்தப் பக்கத்தில் ஒழுங்காக ஓடிய கடிகாரத்தை எவரும் கண்டதில்லை. இங்கே வெயிலும் சேர்ந்து பிந்தியது. ஊர் விளக்கேற்றும்போது அந்த வேலிக்குள் பட்டப்பகல். அக்கம்பக்கத்துப் பெண்கள் சாயங்கால மழையில் நனைந்த துணியை அங்கே கொண்டுபோய்க் காயப்போட்டார்கள். அந்த வீட்டுச் சேவல், ஊரே காலைத் தேநீர் குடித்துக் கோப்பையைக் கழுவி வைத்த பிறகு சாவகாசமாகக் கூவியது. ரொட்டிக்காரர் இரண்டு நாள் குழம்பினார், பிறகு அந்த வீட்டைச் சுற்றின் கடைசியில் வைத்துக்கொண்டார்.

காரணம் ஒதிலின் மகள் கொலெட். பிறக்கும்போதே இதயத்தில் ஓட்டையோடு பிறந்தவள். நாவல்பழம் தின்றவள்போல உதடு எப்போதும் நீலம். ஏழு வயதாகியும் கோயில் படி ஏற முடியாமல் பாதியில் குந்திவிடுவாள். மாதா கோயில் பாதிரியார் யார் யாரையோ பிடித்து, தாயையும் மகளையும் கப்பலேற்றித் தென்னிந்தியாவில் ஒரு மிஷன் மருத்துவமனைக்கு அனுப்பினார். ஒதிலின் முன்னோர் அந்தச் சீமையிலிருந்து வந்தவர்கள்தான். ஆனால் அவளுக்குத் தெரிந்த தமிழ் மாமா, மாமி, ரசம், காவடி, அவ்வளவே. அறுவை முடிந்து, உதடு சிவந்து, ஊர் திரும்பும் நாளில் டாக்டர் அவளைத் தமிழச்சி என்று நம்பி மூச்சுவிடாமல் பேசினார்: "புண்ணு உள்ளுக்குள்ள ஆற ஆறு மாசம் ஆகும்மா. புகை ஆகவே ஆகாது. சளி கட்டினா தச்ச இடம் தாங்காது. கட்டாயம் காத்து மாத்தணும்." ஒதில் மரியாதையாகத் தலையாட்டினாள், ஒன்றும் புரியவில்லை. பக்கத்திலிருந்த பாண்டிச்சேரிக் கன்னியாஸ்திரீ அதைப் பிரெஞ்சில் சொன்னாள். புகை புரிந்தது. கடைசி வார்த்தையில்தான் வந்தது வினை. பிரெஞ்சில் காற்றுக்கு ஓர் ஒலி, மணிக்கு வேறோர் ஒலி. தீவு மக்கள் பேசும் கிரயோலில் இரண்டும் ஒரே 'லேர்'. லேரை மாற்று என்றார்கள். மணியை மாற்றச் சொல்கிறார்கள் என்று ஒதில் எடுத்துக்கொண்டாள், படித்தவர்கள் சொன்னால் விஷயம் இருக்கும் என்று கப்பலில் வரும் வழியெல்லாம் யோசித்தாள்.

யோசிக்க யோசிக்க அது நியாயமாகவே பட்டது. அவர்களுக்கு இருந்தது ஒரே வீடு, அதுவும் தோட்டத்துடையது. மூன்று பக்கமும் கரும்பு. வெட்டுக் காலத்தில் தினம் மாலை ஐந்து மணிக்குத் தோகைக்குத் தீ வைப்பார்கள், காற்று புகையை நேரே படுக்கைக்குக் கொண்டுவரும். ஐந்து மணியே வராத வீட்டுக்கு ஐந்து மணிப் புகை எப்படி வரும்? ஒதில் நாற்காலியில் ஏறிச் சுவர்க் கடிகாரத்தில் ஐந்தை நெருங்கிய முள்ளை ஒன்றுக்குத் தள்ளினாள். அன்று மாலை எழும்பிய புகை வேலிவரை வந்து நின்றது. உள்ளே மணி ஒன்று. ஒரு மணிக்குப் புகை கிடையாது. வேலியோரமாக உலாத்திப் பார்த்து, அலுத்து, கடல் பக்கம் போய்விட்டது. கொலெட் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அதை வேடிக்கை பார்த்தாள்.

சிரமமெல்லாம் ரேமோனுக்கு. ஒதிலின் கணவன் அவன், தோட்டத்தில் மணி அடிப்பவன். எத்தனை மணியோ அத்தனை அடி, அதுதான் வேலை. வீட்டில் நடுநிசியாக இருக்கும்போதே எழுந்து ஊரின் விடியலுக்குள் போக வேண்டும். திரும்பி வந்தால் மத்தியானச் சோறு சூடாக இருக்கும், அது ஒரு ஆறுதல். மருந்து போட வரும் தாதி இவெட்தான் குட்டை உடைத்தாள். "மதாம் ஒதில், தப்பாப் புரிஞ்சிட்டீங்க. அவங்க சொன்ன லேர் காத்து, மணி இல்ல."

ஒதிலுக்கு முகம் சுண்டிவிட்டது. கடல் கடந்து போய்க் கேட்டதைத் தப்பாகவா கேட்டோம் என்று அவமானமாக இருந்தது. பிறகு மகளின் உதட்டைப் பார்த்தாள்.

"புள்ள நல்லா மூச்சு விடுதா?"

"விடுது."

"அப்ப எந்த லேரா இருந்தா என்ன? நான் மாத்த மாட்டேன்."

முப்பத்தேழாம் வருடத் தொழிலாளர் கலகத்தில் அவள் அப்பா தோட்டத்து வாசலில் உட்கார்ந்து, குதிரைப் போலீஸ் வந்த பிறகும் எழுந்திருக்க மறுத்தவர். அந்த ரத்தம் சும்மா விடுமா?

தோட்டத்து மானேஜருக்கு விஷயம் எட்டாமல் இருக்குமா? வேலை முடிந்த ஆட்கள் ஒதில் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து இரண்டாவது மத்தியானம் ஒன்றை அனுபவிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவர் கொதித்தார். தோட்டத்து நிலத்தில் தோட்டத்துக்குத் தெரியாமல் நாலு மணி நேரம் வைத்திருப்பது திருட்டு என்றார். "என் தோட்டத்தில் மணி சொல்வதுதான் நேரம். சூரியனுக்கும் அதுதான் சட்டம்" என்று எல்லோர் முன்னும் கத்தினார். மறுநாள் மாலை பெரிய மணியைக் கழற்றி மாட்டு வண்டியில் ஏற்றி, ஒதிலின் வேலிக்குள் கொண்டுவந்து நிறுத்தச் செய்தார். ரேமோன் அங்கே ஐந்து அடிக்க வேண்டும். அடித்ததும் வீட்டில் ஐந்தாகிவிடும். அந்த நொடியில் ஒட்டிய வயலுக்குத் தீ. பந்தக்காரர்கள் வரப்பில் தயாராக நின்றார்கள். கொலெட்டுக்கு ஆறு மாதத்தில் மூன்றுதான் கழிந்திருந்தது.

ஒதில் மகளை இடுப்போடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். கெஞ்சவில்லை. "ரேமோன், மணியைப் பாத்து அடி" என்றாள்.

"பாக்காம என்னைக்கு அடிச்சேன்?" என்றான் ரேமோன். இருபது வருடம் ஒரு அடி கூட்டியோ குறைத்தோ அடிக்காதவன் அவன். திறந்த கதவு வழியே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். சுத்தியலை ஓங்கி ஒரே ஒரு அடி அடித்தான்.

அந்த ஒரு அடி லேசில் அடங்கவில்லை. ஓடை தாண்டி, ஆலை தாண்டி, கடைசி வயல்வரை போனது. ஒரு மணி என்றால் சாப்பாட்டு மணி. சாப்பாட்டு மணி அடித்தால் கத்தியையும் பந்தத்தையும் எவரும் தொட வேண்டாம் என்பது, கலகத்துக்குப் பிறகு அந்தத் தோட்டத்தில் தொழிலாளிகளுக்குக் கிடைத்த ஒரே உருப்படியான உரிமை. வெயில் சாய்ந்தது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். மத்தியானமே சாப்பிட்டுக் காலியான டப்பாக்களைத் திறந்து, முகத்தில் சிரிப்பே இல்லாமல், அத்தனை பேரும் வரப்பில் உட்கார்ந்தார்கள். பந்தக்காரர்கள் பந்தத்தை மண்ணில் குத்தி அணைத்தார்கள். மானேஜர் ஒவ்வொருவனாகத் திட்டிப் பார்த்தார். "மணி சொல்றதுதான் நேரம், முசியே" என்றான் ஒருவன், வெறும் டப்பாவைச் சுரண்டிக்கொண்டே.

மறுநாளும் ஒன்று, அதற்கடுத்த நாளும் ஒன்று. வெட்டின் உச்சத்தில் அத்தனை பேரையும் விரட்ட முடியுமா? கடைசியில் அந்தப் பக்கத்து வயல்களைத் தீ வைக்காமல் பச்சையாகவே வெட்டினார்கள். கையெல்லாம் தோகை கீறியது, ஒருவரும் முனகவில்லை. டிசம்பரில் இவெட் கொலெட்டின் மார்பில் காது வைத்துக் கேட்டுவிட்டு, ஆறிவிட்டது என்றாள். கடிகாரத்தை இனி திருப்பிவிடலாம் என்றும் சொன்னாள். எதற்கு என்று கேட்டாள் ஒதில். மானேஜர்கள் மாறினார்கள், 1960 புயலில் பாதி ஊரின் கூரை பறந்தது. அந்த வீட்டுக்கும் புயல் வந்தது, நாலு மணி நேரம் தாமதமாக, அதற்குள் எல்லோரும் வந்து கூரையைக் கட்டிக் கொடுத்திருந்தார்கள்.

1968 மார்ச் பன்னிரண்டாம் தேதி நண்பகலில் தீவு விடுதலை அடைந்தது. ஊர் பொதுத் திடலில் கொடி ஏற்றிக் கைதட்டியது. ஒதில் வீட்டில் அப்போது காலை எட்டு. கணக்குப்படி அந்த வீடு இன்னும் ஆங்கிலேய ராணிக்குச் சொந்தம். ஒதில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "விடுதலை இங்க வந்து வருஷம் பத்தாச்சு, ஊருக்கு இப்பத்தானா?" என்று மட்டும் கேட்டாள். இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. அந்த வேலிக்குள் நண்பகல் ஆனதும் ஊர் முழுக்க இன்னொரு கொடியோடு அங்கே வந்தது. பதினெட்டு வயது கொலெட் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மாமரத்தின் உச்சிவரை ஏறிக் கொடியைக் கட்டினாள், கீழே குதித்ததும் மூச்சு வாங்காமல் பாட்டை எடுத்துக் கொடுத்தாள். செமின் கிரனியேயில் அன்றைக்கு விடுதலை இரண்டு தடவை வந்தது. அதிகம் என்று ஒருவரும் சொல்லவில்லை.