ஓட்டை போடாத கதவு

"வெளிச்சம் எங்க தெரியுதுன்னு மட்டும் சொல்லு" என்று சொல்லிவிட்டு, அவன் கதவை இடுப்பால் முட்டிச் சாத்தினான். வெயிலில் நிறுத்தியிருந்த வண்டிக்குள் கும்மிருட்டு. மனைவி மெத்தை போடாத பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு நாலாபக்கமும் பார்த்தாள்.

அவன் மூன்று மாதமாகக் கொட்டகையில் பலகையை வளைத்து ஒட்டிச் செய்த வண்டி அது. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகலாம். உள்ளே இரண்டு பேர் கால் நீட்டிப் படுக்கலாம். முன்னால் உருண்டு பின்னால் சரிந்து நீர்த்துளி மாதிரி இருக்கும். அக்கம்பக்கத்தில் அதற்கு முட்டை என்று பெயர். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் இருவரும் சேர்ந்து போகும் முதல் பயணம் நாளைக் காலையில். அதனால்தான் கதவுக்கும் பின்மூடிக்கும் ரப்பர் பட்டையை இன்றைக்கே ஒட்டி, விளிம்பில் அலுமினியச் சட்டமும் அடித்துவிட்டான். ஒரு நாள் காயவிட வேண்டும் என்று பசை டப்பாவில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அவசரத்தில் யார் படித்தார்கள்?

"பின்மூடியில மேல வலது மூலை. ஊசி நுழையற அளவுக்குத் தெரியுது."

வெளியே சாக்பீஸ் கீறியது. "வேற?"

"வேற ஒண்ணுமில்ல. நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க. திறங்க, பசை நாத்தம் தாங்கல."

கதவு அசைந்தது, திறக்கவில்லை. மறுபடி இழுத்தான். பிறகு பின்மூடிப் பக்கம் போய் அதையும் இழுத்தான். பிதுங்கிய பசை ரப்பரைச் சட்டத்தோடும் சேர்த்துப் பிடித்திருந்தது. உள்ளே கைப்பிடி கிடையாது. அதற்கு ஓட்டை போட்டால் தண்ணீர் கசியும், முதலில் தண்ணீர் அடித்துப் பார்த்துவிட்டு அப்புறம் போடுவோம் என்பது அவன் கட்சி. காற்றுப் போக்கிக்கும் அதே கதி.

அவளுக்கு இளைப்பு உண்டு. உறிஞ்சும் மருந்து வீட்டில், தையல் மிஷின் மேல் இருந்தது.

"பதறாதீங்க, ஒண்ணும் ஆகாது" என்றான் அவன்.

அவளுக்குப் பகீரென்றது. அவன் லிஃப்ட் மெக்கானிக். மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களிடம் போனில் மரியாதை போட்டுப் பேசுகிற குரல் அது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து நின்று அவன் இப்படிப் பேசுவதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். அவர்களுக்கெல்லாம் ஒன்றும் ஆகவில்லைதான். ஆனால் அவர்கள் யாரும் பசை வாடையை மூச்சாக இழுத்துக்கொண்டிருக்கவில்லை.

கதவு விளிம்பில் ஒரு மெல்லிய சத்தம் தொடங்கியது. பசை சுரண்டும் தகட்டுக் கத்தி. அது எப்படி நகர்கிறது என்று தையல்காரியான அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. துணி கெடாமல் தையல் பிரிக்கிற பதம். அங்குலம் அங்குலமாக, ரப்பருக்கு வலிக்காமல், சட்டத்தில் கீறல் விழாமல். அவளுக்கு நெஞ்சில் விசில் ஆரம்பித்திருந்தது.

"கடப்பாரையை எடுங்க" என்றாள்.

சத்தம் நின்றது. கொட்டகைச் சுவரில்தான் மாட்டியிருந்தது, நாலே எட்டு. ஒரு நெம்பு நெம்பினால் கதவு வந்துவிடும். சட்டம் கோணும், பலகை பிளக்கும், நாளைக்குப் பயணமும் இல்லை.

"இரு. பாதி வந்துடுச்சு."

கத்தி மறுபடி நகர்ந்தது.

அவளுக்கு வந்த கோபத்தில் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. மல்லாந்து படுத்து, தோளை எதிர்ச்சுவரில் முட்டுக்கொடுத்து, இரண்டு காலாலும் கதவை எட்டி உதைத்தாள்.

"ஏய், பலகை!" என்று அலறினான் அவன்.

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. அடுத்த உதை அதற்காகவே விழுந்தது. பிறகு எண்ணவில்லை. வண்டி முழுக்கத் தடதடத்ததில் வெளியே அவன் கத்தினானா, நகர்ந்தானா, எதுவும் காதில் விழவில்லை. கடைசியில் படாரென்று பலகை பிளந்து கதவு பறந்தது. கண் கூசுகிற வெயில் உள்ளே வந்து விழுந்தது.

இடுப்புவரை வெளியே தொங்கியபடி அவள் காற்றை இழுத்தாள். கால்வாசிதான் உள்ளே போனது. தரையில் தகட்டுக் கத்தி கிடந்தது. நிமிர்ந்தாள். எதிரே அவன் வெளிறிப்போய் நின்றான், இரண்டு கையாலும் கடப்பாரையைப் பிடித்தபடி. எப்போது எடுத்தான்? அவள் உதைக்கும்போதா, கதவு போன பிறகா? கேட்டிருப்பாள். மூச்சில்லை.

"மருந்து" என்றாள்.

கடப்பாரையைக் கீழே போடக்கூடத் தோன்றாமல், அதையும் தூக்கிக்கொண்டே வீட்டைப் பார்த்து ஓடினான்.