திரையில் ஒரு புள்ளி

என் தம்பி ஜோமருக்குச் சொந்தமா ஒரு டேபிள் ஃபேன் வாங்க வக்கு கிடையாது. ஆனா அடுத்தவங்க டிவி வாங்கப் போறாங்கன்னு காதுல விழுந்தா போதும், சோறு தண்ணி இல்லாம யூடியூப் பாத்துட்டு வந்து பாடம் எடுக்க ஆரம்பிச்சுடுவான். அன்னைக்கு எங்க ஊர் இலோய்லோவுல பெரிய மால்ல கிறிஸ்துமஸ் தள்ளுபடி. நான், என் வீட்டுக்காரர் நெஸ்டோர், இவன், மூணு பேரும் ஷேர் வண்டி ஜீப்னியில போறோம். வழி பூரா ஓலெட், கியூலெட், மினி எல்இடின்னு ஜெபமாலை உருட்டுற மாதிரி உருட்டிக்கிட்டே வந்தான்.

"கொஞ்சம் மூச்சு விடுடா. உன் பேச்சைக் கேட்டுக்கிட்டே பக்கத்துல இருக்கிற அம்மா இறங்க வேண்டிய இடத்தை விட்டுட்டாங்க"ன்னேன்.

"இப்ப சிரிப்பக்கா. தப்பான பேனலை வாங்கிட்டு அப்புறம் அழுவ."

நெஸ்டோர் கண்ணாடியைக் கழட்டிச் சட்டை நுனியில துடைச்சிக்கிட்டு வந்தார். கப்பல்லேர்ந்து வந்து ஒரு வாரம் கூட ஆகல. இந்தத் தடவை வந்ததுலேர்ந்து கண்ணாடியைத் துடைக்கிறதே வேலையாப் போச்சு அவருக்கு.

அவர் சரக்குக் கப்பல்ல சுக்கான் பிடிக்கிறவர். கேப்டன்னு நினைச்சுக்காதீங்க. அதிகாரி இத்தனை டிகிரி திருப்புன்னா திருப்பணும், முன்னாடி என்ன வருதுன்னு பாத்துக்கிட்டு நிக்கணும், அவ்வளவுதான் வேலை. அதுலதான் எங்க ரெண்டு பசங்க படிப்பும் வீட்டு அரிசியும் ஓடுது. ஒப்பந்தம் முடிஞ்சா வேலையும் முடிஞ்சுது. மறுபடி கப்பல் ஏறணும்னா மணிலாவுக்குப் போய் காது, மூச்சு, கண்ணு எல்லாத்தையும் காட்டி பாஸ் ஆகணும். ஜனவரியில அவருக்கு அது இருந்துச்சு.

பெரிய டிவி வேணும்னு கேட்டதும் அவர்தான். கப்பல்லேர்ந்து போன் பண்ணும்போதெல்லாம் இதே பேச்சு. "இந்தச் சின்னப் போன்ல பாத்துப் பாத்து எல்லாம் கலங்கலாத் தெரியுது எடித்தா. வந்ததும் சுவரு அகலத்துக்கு ஒண்ணு வாங்கிடணும்"னு சொல்வார். மனுஷன் வாயைத் திறந்து ஒண்ணு கேக்கிறதே அபூர்வம். நானும் சரின்னுட்டேன்.

டிவி மாடியில கால் வைக்க இடமில்ல. கிறிஸ்துமஸுக்குக் கொடுக்கிற பதிமூணாம் மாசச் சம்பளம் வந்த வாரம், கேக்கணுமா. ரெய்னான்னு சட்டையில பேர் குத்தின விற்பனைக்காரர் தலையில சிவப்புத் தொப்பியோட ஓடி வந்தார். ஒரே படத்தை நாலு டிவியில வரிசையா ஓட விட்டிருந்தாங்க. ராத்திரி வானம், வாண வேடிக்கை, கீழ ஆறு.

ஜோமர் வாத்தியார் ஆரம்பிச்சார். "மச்சான், இங்க பாருங்க. இது சாதா எல்இடி. பின்னாடி விளக்கு எரிஞ்சிக்கிட்டே இருக்கும், அதனால கறுப்பு வராது, சாம்பல்தான் வரும். இதோ இது ஓலெட். ஒவ்வொரு புள்ளியும் தனித்தனி விளக்கு. கறுப்பு வேணும்னா அந்தப் புள்ளி அணைஞ்சே போயிடும்."

அவன் சொன்னது எனக்கே தெரிஞ்சுது. சாதா டிவியில வானம் பல தடவை துவைச்ச கறுப்புப் பாவாடை மாதிரி வெளுத்திருந்துச்சு. ஓலெட்ல கரண்ட் போன மாதிரி நல்ல இருட்டு.

"தம்பி சொல்றது சரிதான் சார்"னார் ரெய்னான். "ஆனா மேடம், உங்க ஹால்ல பகல்ல ஜன்னல் திறந்திருக்குமா?"

"திறக்காம வெந்து சாகவா?"

"அப்ப ஓலெட்ல பகல்ல உங்க முகத்தைத்தான் பாத்துக்கிட்டு இருப்பீங்க. அவ்வளவு வெளிச்சத்துக்கு அது தாங்காது. கியூலெட், மினி எல்இடி ரெண்டும் பளிச்சுன்னு இருக்கும். வீட்டுல டிவியில கரோக்கி போட்டுப் பாடுவீங்களா?"

"எங்க தெருவுல பாடாத வீடு எது?"

"பாத்தீங்களா. நாள் பூரா ஒரே இடத்துல பாட்டு எழுத்து நின்னா ஓலெட்ல தழும்பு விழுந்துடும்."

"அதெல்லாம் பழைய கதை"ன்னான் ஜோமர். "மினி எல்இடியில நிலா வந்தா சுத்தி ஒரு மங்கல் வளையம் வருமே, அதை ஏன் சொல்ல மாட்டேங்கிறீங்க? யார் காதுல பூ சுத்துறீங்க?"

ரெண்டு பேரும் இப்படி மல்லுக்கு நிக்க, நெஸ்டோர் ஒவ்வொரு டிவி முன்னாடியும் போய் நின்னார். மூக்கு படற அளவுக்குக் கிட்டப் போவார், பின்னாடி வருவார், தலையை ஒரு பக்கமா சாய்ப்பார். கடைசியில "எல்லாம் ஒண்ணுதான்"னார்.

ஜோமர் தலையில கையை வெச்சுட்டான். "மச்சான், இந்தக் கறுப்பும் அந்தக் கறுப்பும் உங்களுக்கு ஒண்ணாத் தெரியுதா? உப்புத் தண்ணியைப் பாத்துப் பாத்து உங்களுக்கு ரசனையே போச்சு."

"எதுடா பெருசு? அதைச் சொல்லு."

பெருசு எண்பத்தஞ்சு இஞ்சு மினி எல்இடிதான். தள்ளுபடியும் அதுலதான் ஜாஸ்தி. ஜோமர் முணுமுணுத்துக்கிட்டே சரின்னான்.

எங்க ஊர்ல ஒரு பல்பு வாங்கினாலும் கடையிலேயே மாட்டி எரிய விட்டுப் பாத்துட்டுத்தான் காசு கொடுப்போம். டிவின்னா விடுவோமா? டெஸ்டிங் கவுண்டர்ல நம்ம கண் முன்னாடி பெட்டியைப் பிரிச்சு, நிமித்தி, கரண்ட் கொடுத்து, திரை முழுக்க ஒரே சிவப்பு, ஒரே பச்சை, ஒரே நீலம், ஒரே வெள்ளைன்னு மாத்தி மாத்திக் காட்டுவாங்க. செத்த புள்ளி ஏதாவது இருக்கான்னு நாம தேடணும். இல்லன்னு கையெழுத்துப் போட்டுட்டா அப்புறம் கடைக்காரன் நம்மளைத் தெரியவே தெரியாதுன்னுடுவான். அதனால எங்களுக்குப் பின்னாடி வரிசையில நின்னவங்களும் சும்மா நிக்காம சேந்து தேடினாங்க. அதுவும் எங்க ஊர் வழக்கந்தான்.

சிவப்பு வந்துச்சு. பச்சை வந்துச்சு. வெள்ளை வந்ததும் நெஸ்டோர் கையைத் தூக்கினார்.

"நிறுத்துங்க. நடுவுல ஒரு அழுக்கு இருக்கு."

ரெய்னான் ஒரு துணியால அழுத்தித் துடைச்சார். "இப்ப சார்?"

"போகல. உள்ள இருக்கு. சாம்பல் கலர்ல, உள்ளங்கை அகலம்."

நான் பாத்தேன், ஒண்ணும் தெரியல. ஜோமர் பாத்தான். பின்னாடி நின்ன ஒரு அம்மா கண்ணாடியை நெத்திக்கு ஏத்திட்டுப் பாத்தாங்க. யாருக்கும் ஒண்ணும் தெரியல. ஆனா காசு கொடுக்கிறவர் சொல்லிட்டார், இன்னொரு பெட்டியைப் பிரிச்சாங்க. வெள்ளை வந்துச்சு. நெஸ்டோர் உதட்டைப் பிதுக்கினார்.

"இதுலயும் இருக்கு. அதே இடம். சரக்கே மோசம் போலிருக்கு, அதான் தள்ளுபடியில தள்றீங்க."

எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம்னே சொல்லணும். பரவால்லையே, நம்ம ஆளு எவ்வளவு கறாரா வாங்குறார்னு நினைச்சேன். அந்த நினைப்பை இப்ப நினைச்சாலும் என்னை நானே அறைஞ்சுக்கணும் போல இருக்கு.

மூணாவது பெட்டியிலயும் அதே கதை. ரெய்னான் முகத்துல சிரிப்பு மாறல, குரல்தான் கொஞ்சம் இறுகிடுச்சு. "சார், நீங்களே வந்து விரல் வெச்சுக் காட்டுங்க. போட்டோ எடுத்து மேனேஜருக்கு அனுப்பறேன்."

நெஸ்டோர் கிட்டப் போய் நடுவுல விரலை வெச்சார். "இங்க." உடனே விரலை எடுத்தார். "இல்ல, இங்க." இன்னும் கொஞ்சம் வலது பக்கம். "நகருது." மேல வெச்சார், கீழ வெச்சார். அவர் பார்வை போற பக்கமெல்லாம் விரலும் போச்சு. பின்னாடி நின்ன அம்மா களுக்குன்னு சிரிச்சாங்க. "சார் டிவியில ஈ பிடிக்கிறாரா?"ன்னு யாரோ கேட்டாங்க. ஜோமரும் சிரிச்சுட்டான்.

எனக்கு, ஊருக்கு வந்த அன்னைக்கு ஏர்போர்ட்ல அவரு என்னைத் தாண்டிப் போனது அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. மஞ்சள் கவுன் போட்டு நேர் எதிர்ல நின்னேன், கூப்பிட்டப்புறந்தான் திரும்பினார். "பொண்டாட்டி முகம் கூட மறந்து போச்சா"ன்னு வீடு வர்ற வரைக்கும் வம்பிழுத்துக்கிட்டே வந்தேன்.

நான் போய் அந்த வெள்ளைத் திரைக்கு முன்னாடி நின்னேன். "ஏங்க, என்னைப் பாருங்க. இப்ப அந்தப் புள்ளி எங்க இருக்கு?"

அவர் பாத்தார். ரொம்ப நேரம் பாத்தார். கை மெதுவாக் கீழ இறங்குச்சு.

"உன் முகத்துல"ன்னார். எனக்கு மட்டும் கேக்கிற மாதிரி.

என்னால அழக்கூட முடியல. மேல ஸ்பீக்கர்ல கிறிஸ்துமஸ் பாட்டு பாடிக்கிட்டிருக்கு, முன்னாடி மூணு டிவி பிரிச்சுக் கிடக்கு, சுத்தி நின்னவங்க எல்லாம் நாங்க என்ன சொல்லப் போறோம்னு பாக்கறாங்க. வாங்க போலாம்னு அவர் கையைப் பிடிச்சேன். அவர் விடுவிச்சுக்கிட்டு ரெய்னான் பக்கம் திரும்பிச் சிரிச்சார்.

"என் கண்ணாடியிலதான் அழுக்கு போல. மன்னிச்சுக்குங்க. முதல் பெட்டியையே கொடுத்துடுங்க, அது நல்லாத்தான் இருக்கு."

"ஏங்க, வேணாம்"னேன்.

"வாங்காம போனா ஜோமர் ஏன்னு கேப்பான்"னார்.

அவ்வளவுதான். டிவி வீட்டுக்கு வந்துடுச்சு. ஜோமர் இருட்டுக் காட்சியாத் தேடித் தேடிப் போட்டு, "பாத்தீங்களா மச்சான், ஓலெட் அளவுக்கு இல்லாட்டியும் கறுப்பு மோசமில்ல"ன்னான். "ஆமாடா, நல்ல கறுப்பு"ன்னார் இவர். பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் வந்து பான்சித் நூடுல்ஸ் சாப்பிட்டு, பாட்டுப் பாடி, கரோக்கி நூத்துக்கு எவ்வளவு மார்க் போட்டுச்சுன்னு சண்டை போட்டுட்டுப் போனாங்க. நான் அடுப்படியில நின்னு தட்டுக் கழுவினேன். கழுவின தட்டையே திரும்பக் கழுவினேன்.

ஞாயித்துக்கிழமை காலையில பசங்க பூசைக்குப் போனதும் கேட்டேன். "எத்தனை நாளா?"

"தெரியல. கண்ணாடிதான் மங்கிப் போச்சுன்னு நினைச்சேன். எழுத்து படிக்கும்போது ஒண்ணு ரெண்டு காணாமப் போகும். சுத்தி எல்லாம் நல்லாத் தெரியுது எடித்தா. நேராப் பாக்கிறதுதான் தெரிய மாட்டேங்குது."

"கப்பல்ல?"

"போன மாசம் மலாக்கா பக்கம் வந்துக்கிட்டிருந்தோம். ஒரு மீன்பிடிப் படகு நேர் முன்னாடி. நான் பாக்கல. அதிகாரி கத்தின கத்துல சுக்கானை ஒடிச்சேன். ரெண்டு பேர் இருந்தாங்க அதுல, எங்களைப் பாத்துக் கையை ஆட்டிக்கிட்டே இருந்தாங்க. திருப்பினப்புறந்தான் ஓரத்துல தெரிஞ்சாங்க. தூக்கக் கலக்கம்னு சொல்லிட்டேன்."

"நாளைக்கே கண் டாக்டர்கிட்ட போலாம்."

"போனா எழுதி வெச்சுடுவாங்க. கம்பெனி கேட்டா மறைக்க முடியாது. சின்னவளுக்குப் படிப்பு இன்னும் ஒரு வருஷம் இருக்கு. ஒரே ஒரு ஒப்பந்தம், முடிச்சுட்டு வந்து காட்டிக்கிறேன்."

"அதுக்குள்ள முழுசாப் போச்சுன்னா?"

"நான் போகலன்னா என்ன பண்றது, சொல்லு. நீ சொல்ற மாதிரி செய்றேன்."

ஊர்ல எல்லாருக்கும் வாய் கிழிய யோசனை சொல்ற பொம்பளை நான். அன்னைக்கு எழுந்து போய் அடுப்பை அணைச்சுட்டு வந்தேன்.

அவர் போனை எடுத்து என் கையில கொடுத்தார். கண் பரிசோதனை அட்டை. பெரிய எழுத்து மேல, போகப் போகச் சின்ன எழுத்து. மணிலா க்ளினிக்ல இருபது வருஷமா இதே அட்டைதான் தொங்குதாம், கூட வேலை பாக்கிறவர் அனுப்பியிருக்கார். "டிவியில போடு. வரிசை வரிசையாப் படிச்சுச் சொல்லு, நான் மனப்பாடம் பண்ணிக்கிறேன். அங்க டாக்டர் காட்டுற குச்சி எந்த உயரத்துல நிக்குதுன்னு கண் ஓரத்தால பிடிச்சுக்குவேன். அது போதும்."

போட்டேன். சுவரு அகலத்துக்கு எழுத்தா நின்னுச்சு. துடைப்பத்துலேர்ந்து ஒரு ஈர்க்குச்சியை உருவிக்கிட்டுப் போய்ப் பக்கத்துல நின்னேன். அவர் கதவு ஓரம் வரைக்கும் பின்னாடி போய், கையைக் கட்டிக்கிட்டு நின்னார்.

"ஈ. எஃப், பி. டி, ஓ, ஸெட்."

அவர் சொன்னார். சரியாச் சொன்னார். அடுத்த வரி, அதுக்கடுத்த வரி. ஆறாவது வரியில குச்சியை வெச்சப்போ அந்தப் படகுல இருந்த ரெண்டு பேரும் மனசுல வந்து நின்னுட்டாங்க. அவங்களுக்கும் ஒரு எடித்தா இருப்பா, கரையில நின்னு பாத்துக்கிட்டு. ஒரே ஒரு எழுத்தை நான் மாத்திச் சொன்னாப் போதும். மணிலாவுல அவர் தப்பாச் சொல்வார், க்ளினிக்லயே கண்டுபிடிச்சு நிறுத்திடுவாங்க, பழி என் மேல வராது. அவருக்குத் தெரியவும் தெரியாது. நான் எதைச் சொன்னாலும் அதுதான் எழுத்துன்னு நம்பிக்கிட்டு, ஓரக்கண்ணால என் முகத்தைப் பாக்கிறதுக்காகச் சுவரைப் பாத்துக்கிட்டு நின்னார்.

"என்ன எடித்தா, அடுத்தது என்ன?"

சின்னவ படிப்புக் கட்டணச் சீட்டு பிரிட்ஜ் மேல ஒட்டியிருந்துச்சு. அட்டையில என்ன இருந்துச்சோ அதையே சொன்னேன்.

கடைசி வரைக்கும் தப்பில்லாம ஒப்பிச்சார். "சரியா இருக்கா?"ன்னு கேட்டார்.

"சரியா இருக்கு."

"மறுபடி மேலேர்ந்து ஆரம்பி."

நான் குச்சியை மேல கொண்டு போனேன்.